கஞ்சியும் வலையும்

பசித்தவனுக்கு ஒரு வேளைக் கஞ்சி வார்ப்பது புண்ணியந்தான், ஆனால் மறுவேளைக்கு? உருளைக்கிழங்குப் பயிர் அழுகி அயர்லாந்து தேசத்து ஜனங்கள் பட்டினியால் மடிந்துகொண்டிருந்த 1846-ஆம் வருஷம் நவம்பரில், டப்ளின் நகரத்துக் குவேக்கர் கிறிஸ்தவர்கள் நிவாரணக் கமிட்டி ஒன்று அமைத்தார்கள். அந்நாட்டில் அவர்கள் மிகச் சிறிய கூட்டத்தார். ஆயினும் ஊர் ஊராகக் கஞ்சிக் கொப்பரைகளை அனுப்பினார்கள். மதம் மாறினால்தான் கஞ்சி என்று வேறு சிலர் பேரம் பேசிய அந்நாளில், இவர்கள் உண்பவனுடைய மதத்தைக் கேட்கவில்லை. (சோற்றைத் தூண்டிற்புழுவாக்குவதைத் தர்மம் என்று நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை.)

கால்வே நகரை அடுத்த கிளாடா என்னும் குப்பத்தில் நிலைமை இன்னும் விந்தையானது. எதிரே கடல், கடல் நிறைய மீன், கரையிலோ பட்டினி! செம்படவர்கள் தங்கள் வலைகளை அடகு வைத்துச் சாப்பிட்டுத் தீர்த்திருந்தார்கள். குவேக்கர்கள் கடன் கொடுத்து வலைகளை மீட்க வழி செய்தார்கள். படகுகள் மறுபடியும் கடலில் இறங்கின. உழவர்களுக்கு டர்னிப் விதையும் கிடைத்தது.

எல்லாம் பலித்துவிடவில்லை. 1849-இல் பிரதம மந்திரி ரஸ்ஸல் 100 பவுன் தருவதாகச் சொல்லி, நிவாரண வேலையை மீண்டும் தொடங்கும்படி கேட்டார். குவேக்கர்கள் மறுத்துவிட்டார்கள். இவ்வளவு பெரிய பஞ்சத்தைத் தர்மவான்களால் தீர்க்க முடியாது, சர்க்காரால்தான் முடியும் என்பது அவர்கள் கருத்து. அந்த 100 பவுனை நீட்டியவரோ சர்க்காரின் தலைவர்!