முகாமுக்கு அனுப்புமுன்

சித்திரை பிறந்ததும் திருவண்ணாமலையின் மாட வீதிகளில் இருவகை அறிவிப்புகள் ஒருசேரத் தோன்றும். ஒன்று அருணாசலேசுவரர் திருக்கோயிலின் வசந்த உற்சவச் சுவரொட்டி. மற்றொன்று கோடைப் பயிற்சி முகாம்களின் துண்டுப் பிரசுரம். யோகாசனம், சிலம்பம், சதுரங்கம், கையெழுத்து, நீச்சல், தேவாரம், ஓவியம் என அத்தனையும் பத்தே நாளில் என்று அச்சிட்ட தாளைக் கையில் வைத்துக்கொண்டு பெற்றோர் மயங்குகின்றனர். தாத்தா பாட்டியின் ஊருக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்த காலம் பல குடும்பங்களுக்குக் கடந்துபோயிற்று. தாயும் தந்தையும் வேலைக்குச் செல்லும் வீட்டில், பள்ளி மூடிய மறுநாளே பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி வாசற்படியில் வந்து நிற்கிறது. முகாம் என்பது அவ்வீடுகளுக்கு ஆடம்பரமன்று, தேவை. தேவை நெருக்கும்போது தேர்வு தளர்ந்துவிடுகிறது, அதுவே அஞ்சத்தக்கது.

இவ்வழக்கம் மேலைநாட்டிலிருந்து வந்தது. 1861-இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஃபிரெடெரிக் கன் என்ற பள்ளி ஆசிரியர் தம் மாணவரை நடத்திச் சென்று கடலோரம் கூடாரமிட்டுத் தங்கவைத்ததையே முதல் முகாம்களுள் ஒன்றாகக் குறிப்பிடுவர். 1907-இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் சுமார் இருபது சிறுவரைக் கொண்டு நடத்திய முகாமிலிருந்து சாரணர் இயக்கம் கிளைத்தது. அம்முகாமில் செல்வர் வீட்டுப் பிள்ளைகளும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளும் ஒரே கூடாரத்தில் உறங்கினர். இன்றைய பிரசுரங்களில் காணக் கிடைக்காத செய்தி இது. கட்டணம் உயர உயர, ஒரே தெருவின் பிள்ளைகள் வெவ்வேறு கூடாரங்களுக்குப் பிரிந்து போகின்றனர்.

பிள்ளையைச் சற்றுநேரம் தனியே விட்டுச் செல்வதன் முதல் வரலாறு சைவ அன்பர்களுக்குப் புதிதன்று. சீகாழித் திருக்குளத்தின் கரையில் மூன்று வயதுக் குழந்தையை அமர்த்திவிட்டுச் சிவபாத இருதயர் நீரில் மூழ்கினார். தந்தையைக் காணாத குழந்தை அழுதது. அம்மை பொற்கிண்ணத்தில் பாலூட்டினாள். கரையேறிய தந்தை, குழந்தையின் வாயில் பால் வழிவதைக் கண்டவுடன், யார் கொடுத்ததை உண்டாய் என்று கேட்டார் எனப் பெரியபுராணம் உரைக்கிறது. ஞானசம்பந்தரின் அவதார மகிமையைப் பேசுவோர் இக்கேள்வியைக் கடந்துவிடுவது வழக்கம். உண்மையில் அது பெற்றோர் ஒவ்வொருவரும் கேட்கவேண்டிய கேள்வி. பிள்ளை இன்று யார் கையால் உண்டது, யாருடன் இருந்தது, யார் அழைத்ததால் எங்கே சென்றது?

அத்தந்தை கையில் ஒரு கோலையும் எடுத்தார். அங்கே நின்றது தெய்வக் குழந்தை. அஞ்சாமல் விரல் நீட்டிக் கோயிலைக் காட்டிற்று. நம் வீட்டுப் பிள்ளைகள் கோலைக் கண்டால் வாய் மூடிக்கொள்ளும். எனவே கேள்வியை மட்டும் அவரிடமிருந்து பெற்றுக்கொண்டு, கோலை வீட்டுப் பரணிலேயே விட்டுவிடுதல் நன்று.

முகாமில் சேர்க்கும் நாளில் பெற்றோர் பெரும்பாலும் விசாரிப்பது கட்டணமும் நேரமும் வாகன வசதியுமே. கேட்கவேண்டியவை வேறு. ஓர் ஆசிரியரின் பொறுப்பில் எத்தனை பிள்ளைகள்? சிறுமியர் இருக்கும் இடத்தில் முழுநேரமும் பெண் ஒருவர் இருப்பாரா? கழிப்பறை எங்கே, அதற்குத் தாழ்ப்பாள் உண்டா? மாலையில் பிள்ளையை யாரிடம் ஒப்படைப்பார்கள். பெயர் தெரியாத ஒருவர், மாமா என்று சொல்லிக்கொண்டு வந்தால் அனுப்பிவிடுவார்களா? முன்னறிவிப்பின்றிப் பெற்றோர் உள்ளே வந்து பார்க்கலாமா? இக்கடைசிக் கேள்விக்கு முகம் சுளிக்கும் இடத்தில் முன்பணம் கட்டவேண்டியதில்லை. நடத்துபவர் காவி உடுத்தியவர், கோயில் காரியங்களில் முன்நிற்பவர், குடும்பத்துக்குப் பல ஆண்டு பழக்கமானவர் என்ற காரணங்களுக்காக இக்கேள்விகளைக் கேட்காமல் விடுவது பக்தியாகாது. நல்லவர் இக்கேள்வியால் வருந்தமாட்டார். ஏற்கெனவே விடை வைத்திருப்பார்.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012 முதல் நடைமுறையில் உள்ளது. குற்றம் நிகழ்ந்ததாக அறிந்தும் காவல்துறைக்குத் தெரிவிக்காதவர் மீதும் அச்சட்டம் நடவடிக்கைக்கு இடமளிக்கிறது. குழந்தைகளுக்கான உதவி எண் 1098. அதைப் பிள்ளைக்கு மனப்பாடம் செய்விப்பது, எந்த முகாமும் கற்பிக்கும் சுலோகத்திற்குக் குறைந்த கல்வியன்று.

கற்பிக்கப்படும் பொருளுக்கு வருவோமாயின், ஆன்மிக முகாம்களின் பெருங்குறை எண்ணிக்கை மோகம். பத்து நாளில் நூறு பாடல் என்ற விளம்பரம் பெற்றோரைக் கவர்கிறது. நிறைவு நாளன்று மேடையேறி மூச்சுவிடாமல் ஒப்புவிக்கும் பிள்ளையைக் கைபேசியில் படமெடுக்கின்றனர். ஆனி பிறக்குமுன் பாடலும் மறந்துபோகிறது. சம்பந்தர் அண்ணாமலையைப் பாடிய பதிகங்கள் இரண்டே. அவற்றுள் ஒன்றை ஓதுவார் ஒருவரிடம் பண்ணோடு கேட்டு, அதில் வரும் அருவியும் மழையும் வன விலங்கும் எந்த மலையைச் சேர்ந்தவை என்று சன்னல் வழியே பார்த்து அறிந்துகொள்ளும் பிள்ளைக்கு அப்பதிகம் ஆயுள் முழுவதும் துணை நிற்கும். ஒரு முகாம் எத்தனை பாடல் கற்பிக்கிறது என்பதைவிட, ஒரு பாடலுக்கு எத்தனை நாள் தருகிறது என்று கேட்பது பயன் தரும்.

பின்னர் வெயில். பஞ்சாங்கப்படி சித்திரை 21 முதல் வைகாசி 14 வரை அக்கினி நட்சத்திரம். அக்கினித் தலமாகிய அருணையில் பாறையும் தார்ச்சாலையும் சேர்ந்து அனல் கக்கும் நாட்கள் அவை. முகாம் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, கையில் பதாகை கொடுத்து, காலை ஒன்பது மணிக்கு மேல் வெறுங்காலுடன் கிரிவலம் அழைத்துச் செல்லும் காட்சி கண்ணுக்கு அழகாக இருக்கலாம். பாதை 14 கிலோமீட்டர். பெரியவர்கள் தவமாக ஏற்கும் துன்பத்தைப் பிள்ளைமேல் சுமத்த எந்தச் சாத்திரமும் கட்டளையிடவில்லை. தலந்தோறும் நடந்த சம்பந்தப் பிள்ளையின் பிஞ்சுப் பாதங்கள் நோவதைப் பொறாத இறைவன், திருநெல்வாயில் அரத்துறையில் முத்துச் சிவிகையும் முத்துக் குடையும் அருளினான் என்பது வரலாறு. ஆண்டவனே பல்லக்கு அனுப்பிய இடத்தில் அமைப்பாளர் ஒரு சாக்குப்பைத் தண்ணீர்ப் பாக்கெட்டோடு நிறைவடைந்துவிடலாகாது.

மலையேற்றம் என்ற சொல் பிரசுரத்தில் இருப்பின் மேலும் எச்சரிக்கை வேண்டும். அண்ணாமலை காப்புக்காடு; வனத்துறையின் இசைவின்றி ஏறுதல் கூடாது. 2024 டிசம்பர் 1 அன்று பெருமழையில் மலைச்சரிவு வீட்டின்மேல் விழுந்து ஏழு உயிர்கள் போயின. அவர்களுள் ஐவர் குழந்தைகள். அம்மலை வணங்குதற்குரியது என்பதோடு அஞ்சுதற்குரியதும் ஆகும் என்று இவ்வூர் கற்றுக்கொண்ட நாள் அது. சாத்தனூர் அணைக்குச் சுற்றுலா என்றால், நீரில் இறங்க அனுமதி உண்டா, நீந்தத் தெரிந்த பெரியவர் எத்தனை பேர் உடன் வருகின்றனர் என்பதைக் கேட்டு அறியவேண்டும்.

இவ்வளவு சிக்கல் எனில் பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமே என்று சிலர் எண்ணுவர். வேலையின்றித் தெருவில் திரியவிட்ட சிறுவர் என்ன செய்வர் என்பதற்கும் இவ்வூரில் சான்று உண்டு. 1896 செப்டம்பர் முதல் நாள், மதுரையிலிருந்து வேங்கடராமன் என்ற பதினாறு வயது இளைஞர் அருணாசலம் வந்து சேர்ந்தார். ஆயிரங்கால் மண்டபத்தில் மோனத்தில் அமர்ந்த அவர்மீது ஊர்ச் சிறுவர்கள் கல்லும் ஓடும் எறிந்தனர். அவர்களுள் பலர் ஏறக்குறைய அவர் வயதினர். தொல்லை பொறாது பாதாள லிங்கக் குகையின் இருளுக்குள் அவர் இறங்கினார். பூச்சிகள் கடித்துத் தொடைகள் புண்ணாயின. சேஷாத்திரி சுவாமிகள் காவல் நின்று பார்த்தும் குறும்பு ஓயவில்லை. அச்சிறுவர்கள் கொடியவர் அல்லர். பொழுதும் கையும் சும்மா இருந்தன. அருகில் பெரியவர் எவரும் இல்லை.

அதே ஊரின் சிறுவர்கள் பின்னாளில் விரூபாட்ச குகைக்கு ஏறிச் சென்று, அதே ரமணரின் அருகில் அமர்ந்து, விளையாடி, மகிழ்ந்து இறங்கியதையும் அவர் வரலாறு பேசுகிறது. அங்கே பாடத்திட்டம் இல்லை, கட்டணம் இல்லை, சான்றிதழும் இல்லை. பிள்ளையை விரட்டாத ஒரு பெரியவர் இருந்தார்.

கையில் பணம் குறைந்த குடும்பங்கள் அரசின் ஏற்பாடுகளை முதலில் விசாரிக்கவேண்டும். கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றங்கள் 5 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் குரலிசை, பரதம், ஓவியம் போன்றவற்றைக் கற்பிக்கின்றன. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டந்தோறும் கோடைக்காலப் பயிற்சி முகாம் நடத்துகிறது. பளபளப்பான பிரசுரம் இவற்றுக்கு இல்லை; நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் இரண்டு அங்குலச் செய்தியாக வரும். அதைக் கத்தரித்து வைத்துக்கொள்பவர் கெட்டிக்காரர்.

எங்கும் சேர்க்க இயலாத வீடுகளுக்கு மலையே ஒரு முகாம் வைத்திருக்கிறது. எட்டுத் திசைக்கு எட்டு லிங்கம். எட்டு விடியற்காலை போதும். நாளுக்கு ஒரு லிங்கம்வரை மட்டும் நடப்பது, வெயில் ஏறுமுன் ஆட்டோவிலோ பேருந்திலோ வீடு திரும்புவது. பிள்ளை கையில் ஒரு நோட்டு இருக்கட்டும். இந்திர லிங்கத்தில் கிழக்கை அடையாளம் காணச் சொல்லலாம். அக்கினி லிங்கத்தில், ஏனைய லிங்கங்கள் பாதையின் ஒருபுறம் இருக்க இது மட்டும் மலைப்பக்கம் அமைந்திருப்பதைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். யம லிங்கத்தின்முன், சென்ற ஆண்டு காலமான தாத்தா எங்கே போனார் என்று பிள்ளை கேட்டால், அவசரப்பட்டுப் பேச்சை மாற்றாமல் திண்ணையில் அமர்ந்து பதில் சொல்ல ஒரு காலைப்பொழுது கிடைக்கும். நிருதி லிங்கம் கடந்து வருண லிங்கத்தை அடையும் நாளில், வழியிலுள்ள குளங்களில் எவற்றில் நீர் நிற்கிறது, எவை வறண்டன என்று எண்ணி எழுதலாம். அடி அண்ணாமலையில் மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடியதாகச் சொல்லும் மரபை அவ்விடத்திலேயே நின்று கேட்பது ஏட்டில் படிப்பதினும் இனிது. வாயு லிங்கத்தில் காற்று. குபேர லிங்கத்தில், உண்டியலில் போடும் காசைப் பிள்ளை தானே சேமித்ததாக இருக்கச் செய்வது. குபேர லிங்கத்திற்கும் ஈசானிய லிங்கத்திற்கும் இடையே இடுக்குப் பிள்ளையார் இருக்கிறார். அங்கே பெரியவர்கள் மூச்சடக்கித் திணறும்போது, பிள்ளைகள் மீன்போல் நழுவி வெளிவந்து கைகொட்டிச் சிரிக்கும். எட்டு நாளில் பிள்ளை மிக விரும்பும் நாள் பெரும்பாலும் அதுவாகவே அமையும்.

தங்கிப் பயிலும் முகாம்களைப் பற்றி ஒன்று. வீட்டை விட்டு ஓர் இரவும் பிரிந்தறியாத பிள்ளையைப் பதினைந்து நாளுக்கு அனுப்பி, அழுதால் திடப்படும் என்று தேற்றிக்கொள்வது கடுமை. முதலில் அத்தை வீட்டிலோ சித்தி வீட்டிலோ இரண்டு இரவு தங்கவைத்துப் பார்க்கலாம். தினமும் ஒருமுறை பிள்ளை வீட்டாருடன் தனியே பேச இடமுண்டா என்பதையும் உறுதி செய்துகொள்ளவேண்டும். ஆசிரியர் அருகில் நிற்கப் பேசும் பேச்சில் பிள்ளை எல்லாம் நன்றாக இருக்கிறது என்றே சொல்லும். போகமாட்டேன் என்று மூன்றாம் நாள் அடம்பிடிக்கும் பிள்ளையிடம், கட்டிய பணத்தை நினைவூட்டுவதற்குமுன் காரணத்தைக் கேட்பது முறை. சோம்பலாக இருக்கலாம். வகுப்புச் சிறுவன் ஒருவன் கேலி செய்ததாக இருக்கலாம். வேறொன்றாகவும் இருக்கலாம்.

முகாமின் நேரத்தைக் குறிக்கும்போது கோயிலின் நாட்காட்டியையும் அருகில் வைத்துக்கொள்ளவேண்டும். சித்திரை வசந்த உற்சவத்தின் மாலைகளில் சுவாமி மகிழ மரத்தை வலம் வருவார்; பொம்மை பூத்தூவும். நிறைவு நாளில் ஐயங்குளத்தில் தீர்த்தவாரி, இரவு மன்மத தகனம். அன்றைய மாலை வகுப்புக்கு விடுமுறை கிடைக்குமா என்று அமைப்பாளரிடம் முன்கூட்டியே கேட்டுவைத்தால், பிள்ளையைப் பகலில் உறங்கவைத்து, கூட்டம் நெருக்குமுன் முன்வரிசையில் நிறுத்தலாம்.