இல்லற நலம்: காய்ச்சலில் வரும் வலிப்பு



சென்ற மாதம் ஓரிரவு, நாகபுரியில் நம் இல்லத்து இரண்டு வயதுக் குழந்தைக்குக் காய்ச்சல் ஏறி, கண் செருகி, கைகால்கள் வெட்டி இழுத்தன. அண்டை வீட்டு மராட்டிய அம்மையார் கையில் பிடிக்கச் சாவிக்கொத்தை நீட்டினார். நாமோ, பல் கிட்டாதிருக்கக் கரண்டி தேடினோம். சாவியால் பயனில்லை, கரண்டியால் தீங்கே என்று மருத்துவர் பின்னர் விளக்கினார்.

ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரை, நூறு குழந்தைகளில் 2 முதல் 5 பேருக்கு இவ்வலிப்பு வருவதுண்டு. வளரும் மூளை காய்ச்சலால் எளிதில் கிளர்ச்சியுறுவதே காரணம். பெரும்பாலும் 5 நிமிடத்துக்குள் தானே அடங்கும். அத்தகைய வலிப்பு மூளையைக் கெடுப்பதில்லை. காய்ச்சலின்போது உயிரணுக்களில் மிகும் ஆக்சிஜன் கழிவுகளுக்கும் இதில் பங்குண்டா என்று ஆய்வாளர் ஆராய்கின்றனர்.

நாம் செய்யவேண்டுவது சிறிதே. குழந்தையைத் தரையில் ஒருக்களித்துக் கிடத்துங்கள். இறுகிய ஆடையைத் தளர்த்துங்கள். வாயில் நீரோ மருந்தோ இடாதீர்கள். பிடித்து அழுத்தாதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள், 5 நிமிடம் கடந்தாலோ, மூச்சுத் திணறினாலோ உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். முதன்முறையாயின், அடங்கிய பின்னரும் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

வண்டி வரும் நேரத்தை நாள்தோறும் நிமிடம் பிசகாது குறிக்கும் நமக்கு, அன்றிரவு கடிகாரம் நினைவுக்கு வரவில்லை. உற்றார் அருகில்லாத ஊரில் வாழ்வோர் இதனை முன்னரே அறிந்திருத்தல் நலம்.