விடுதி அறை யாருக்காக?



செஞ்சியில் வாழும் நமக்குச் சுற்றுலாக் குடும்பங்களைக் காண்பது அன்றாட நிகழ்ச்சி. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று மலைகளையும் வளைத்து நிற்கும் நம் கோட்டை, 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம்பெற்றது. ஆனால் கோட்டைக்கு வருவோர் எல்லாரும் உச்சிக்கு ஏறுவதில்லை. இளைஞர்கள் ராஜகிரிப் படிகளில் ஏறிவிடுவார்கள். முழங்கால் வலியுள்ள தாய்மார்களும், கைக்குழந்தை வைத்திருப்போரும் கல்யாண மகாலின் நிழலிலோ, 1717-18இல் எழுந்த சாதத்துல்லாகான் பள்ளிவாசலின் பக்கத்திலோ அமர்ந்து, பைகளுக்கும் தண்ணீர்ப் புட்டிகளுக்கும் காவல் இருப்பார்கள். ஏறியவர்கள் திரும்பி வந்து தாங்கள் கண்டதைச் சொல்வார்கள், அமர்ந்திருந்தவர்கள் கேட்டுக்கொள்வார்கள்.

கோடை விடுமுறையில் நாம் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் கேளிக்கைப் பூங்காக்களிலும் இதே காட்சிதான். ஆகவே, பூங்கா வளாகத்திலேயே உள்ள விடுதியில் தங்குவதா, வெளியே குறைந்த வாடகையில் தங்குவதா என்று நம் வீடுகளில் எழும் கேள்விக்கு, அமர்ந்திருப்பவரின் பக்கத்திலிருந்து விடை தேடுவதே முறை என்பது எங்கள் கருத்து. விளையாடுபவருக்கு எந்த விடுதியும் போதும். விளையாடாதவருக்குத்தான் விடுதி தேவைப்படுகிறது.

இதை நாங்கள் பட்டே அறிந்தோம். சில ஆண்டுகளுக்கு முன் பெருநகர் ஒன்றின் புறத்தேயுள்ள பூங்காவுக்குக் குடும்பமாகச் சென்றோம். செலவைக் குறைக்க எண்ணி நகரின் நடுவே இரண்டு அறைகள் எடுத்தோம். காலையில் புறப்பட்டுப் பூங்காவை அடைந்த பின், எழுபதைக் கடந்த நன்னிக்கு மாலை வரை ஒரு பலகை இருக்கையே இடமாயிற்று. கைக்குழந்தையுடன் வந்த தங்கைக்கும் அதே நிலை. ளுஹரை ஒரு மூலையில் துணி விரித்துத் தொழுதோம். அஸருக்குப் பிள்ளைகளைத் தேடிச் சேர்ப்பதற்குள் நேரம் நெருங்கிவிட்டது. வாயில் மூடியபின் வண்டியேறினால், நகரச் சாலை நெரிசலிலேயே மக்ரிபின் நேரம் முழுவதும் கழிந்தது. அறைக்கு வந்து களாத் தொழுகையை முடித்த நன்னி ஒன்றைத்தான் சொன்னார்: “எனக்காக நீங்க யாரும் சுணங்க வேணாம்மா. அடுத்த தடவை நான் வீட்டுலயே இருந்துக்கிறேன்.”

அந்தச் சொல்லில் கோபம் இல்லை. அதனாலேயே அது எங்களை உறுத்தியது. நாங்கள் மிச்சப்படுத்தியது சில ஆயிரம் ரூபாய். அதற்கு விலையாக ஒரு வக்துத் தொழுகையையும், குடும்பத்தோடு சேர்ந்து பயணம் செய்யும் விருப்பத்தை ஒரு முதியவரிடமிருந்தும் இழந்தோம்.

வளாக விடுதி என்பது நம் வசதிக்காக மட்டும் பிறந்ததன்று என்பதையும் மறக்கலாகாது. அமெரிக்காவின் அனகைம் நகரில் 1955 ஜூலையில் டிஸ்னிலேண்ட் திறக்கப்பட்டபோது, பக்கத்திலேயே விடுதி கட்ட வால்ட் டிஸ்னியிடம் பணம் இல்லை. தொலைக்காட்சித் தயாரிப்பாளரான ஜாக் ராதர் என்பவரைக் கேட்டுக்கொண்டார். அவர் கட்டிய விடுதி அதே ஆண்டு அக்டோபரில் திறக்கப்பட்டது. அதன் வருவாய் நெடுங்காலம் வேறொருவருக்கே சென்றது. 1988இல்தான் டிஸ்னி நிறுவனம் அதை வாங்கியது. இதற்கிடையில் 1971இல் புளோரிடாவில் அடுத்த பூங்காவைத் திறந்தபோது, விடுதிகளையும் அந்நிறுவனம் உடன் திறந்துவிட்டது. இரவு தங்குகிறவர் உணவையும் பொருளையும் அங்கேயே வாங்குவார் என்பது வணிகர் அறிந்த கணக்கு. நம் நாட்டிலும் ஐதராபாத் அருகே ராமோஜி திரைப்பட நகரின் வளாகத்துக்குள் சிதாரா, தாரா என்னும் விடுதிகள் உள்ளன. பெங்களூருக்கு அருகே பிடதியில் 2005இல் தொடங்கப்பட்ட வொண்டர்லா பூங்கா, 2012இல் தன் வளாகத்திலேயே விடுதியைத் திறந்தது. வணிகர் தம் கணக்கைப் போடட்டும். நாம் நம் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

நம் கணக்கின் முதல் வரி நேரம். பிடதிப் பூங்கா ஏறத்தாழ முற்பகல் பதினொன்றிலிருந்து மாலை ஆறு அல்லது ஏழு மணி வரை இயங்குகிறது. மே மாதத்தில் ளுஹரும் அஸரும் முழுக்க இந்த நேரத்துக்குள் வருகின்றன. மக்ரிபோ பூங்கா மூடும் வேளையை ஒட்டி வருகிறது. ஐந்து வக்துகளில் மிகவும் குறுகிய நேரம் உடையது மக்ரிப். பிடதியிலிருந்து பெங்களூரின் உள்நகருக்கு மாலை நேரத்தில் திரும்புவோர், அந்த நேரத்தைச் சாலையிலேயே கழிக்க நேரிடும். நடந்து போகும் தொலைவில் அறை இருந்தால், ஈர உடையை மாற்றி, ஒளுச் செய்து, அமைதியாகத் தொழலாம். நம் பகுதியில் கிப்லா மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்திருக்கும் என்பதால், அறையில் திசை கண்டுகொள்வதும் எளிது.

செஞ்சியிலிருந்து பிடதி 250 கிலோமீட்டருக்கும் மேல். எனவே நாம் முஸாஃபிர். ளுஹர், அஸர், இஷா மூன்றையும் சுருக்கித் தொழும் சலுகை உண்டு. ஷாஃபி மத்ஹபினர் ளுஹரையும் அஸரையும், மக்ரிபையும் இஷாவையும் சேர்த்தும் தொழலாம். ஹனஃபி மத்ஹபில் பயணத்தை முன்னிட்டு அவ்வாறு ஒரே வக்தில் சேர்ப்பது இல்லை. ஆகவே நம் ஊரில் ஹனஃபி முறையைப் பின்பற்றும் குடும்பங்களுக்கு அருகில் ஓர் அறை இருப்பது கூடுதல் பயன் தரும். நுணுக்கமான ஐயங்களைப் புறப்படுமுன் நம் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுத் தெளிவது நல்லது.

இரண்டாவது வரியைப் பலர் கவனிப்பதில்லை. பெரும்பாலான விடுதிகளில் அறை கிடைப்பது பிற்பகலில். காலி செய்ய வேண்டியது மறுநாள் முற்பகலில். முதல் நாள் மாலை வந்து தங்கி, மறுநாள் பூங்காவுக்குச் செல்லத் திட்டமிட்டால், பூங்கா திறக்கும் வேளையில் அறையை ஒப்படைத்துவிட்டு நிற்போம். நன்னி மீண்டும் பலகை இருக்கைக்கே வந்துவிடுவார். கொடுத்த கூடுதல் வாடகையும் வீண். ஆகவே பூங்கா நாளையும் அறை கிடைக்கும் நாளையும் ஒன்றாக அமைத்துக்கொள்ள வேண்டும். ஃபஜ்ர் தொழுதவுடன் புறப்பட்டால், திருவண்ணாமலை, செங்கம், ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகச் சென்று, நகருக்குள் நுழையாமல் நைஸ் சாலையில் மைசூர் நெடுஞ்சாலையை அடைந்து, நண்பகல் வாக்கில் பிடதி சேரலாம். பைகளை விடுதி வரவேற்பறையில் ஒப்படைத்துவிட்டு, பிள்ளைகளை ஒருவர் பூங்காவுக்கு அழைத்துச் செல்லலாம். பிற்பகலில் அறை கிடைத்ததும் முதியோர் ளுஹர் தொழுது உறங்கலாம். அஸரும் மக்ரிபும் அறையிலேயே நிறைவேறும். மறுநாள் காலை ஓய்வாகத் திரும்பலாம். ஓர் இரவு வாடகையே போதும். ஆனால் பூங்காவிலிருந்து அறைக்கு வந்து மீண்டும் உள்ளே நுழைய அனுமதி உண்டா என்பதைப் பதிவு செய்யுமுன் கேட்டுக்கொள்ள வேண்டும். அனுமதி இல்லையெனில், வளாகத்தில் தங்குவதன் பெரும்பயன் போய்விடும்.

மூன்றாவது வரி பணம். வெளியே எடுக்கும் அறையின் வாடகையோடு, இரு வேளை வண்டிச் செலவையும், நிறுத்துமிடக் கட்டணத்தையும், பகலில் அறைக்குத் திரும்ப முடியாததால் வெளியே வாங்கும் உணவையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும். அப்படிக் கூட்டினால் இடைவெளி நாம் நினைத்த அளவு இராது. சில வேளைகளில் இருக்கவும் செய்யும். வரியையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையான அறைக்கு ஜிஎஸ்டி 5 விழுக்காடு; அதைத் தாண்டினால் 18 விழுக்காடு. 7,400 ரூபாய் அறைக்கு வரி 370 ரூபாய். 7,600 ரூபாய் அறைக்கு 1,368 ரூபாய். வாடகையில் 200 ரூபாய் வேறுபாடு, கையிலிருந்து போவதில் ஏறத்தாழ 1,200 ரூபாய் வேறுபாடாகிறது. விடுமுறை நெருக்கத்தில் வாடகை ஏறும் என்பதால், பள்ளி விடுமுறையிலும் வார நாள்களைத் தேர்வது நலம்.

இனி, தொலைபேசியில் கேட்க வேண்டியவை. தரைத்தள அறையோ மின்தூக்கியோ உண்டா? கழிப்பறை முழங்கால் வலியுள்ளவருக்கு ஏற்றதா, தண்ணீர்க் குழாய் உண்டா? இறைச்சி ஹலாலா, இல்லையெனில் சைவ உணவோ மீனோ தனியாகச் சமைத்துத் தரப்படுமா? குழந்தைக்குப் பால் காய்ச்சக் கெண்டி உண்டா? நீர் விளையாட்டில் பெண்கள் உடல் முழுதும் மறைக்கும் நீச்சலுடை அணியலாமா? பெரும்பாலான நீர்ப்பூங்காக்களில் பருத்தி உடையையும் துப்பட்டாவையும் அனுமதிப்பதில்லை. நைலான் வகைத் துணியே வேண்டும் என்பார்கள். இதை வாயிலில் போய் அறிவதைவிட வீட்டிலேயே அறிந்து தைத்துக்கொண்டு போவது மேல். ஆணும் பெண்ணும் கலந்த குளம் வேண்டாம் என்று கருதும் குடும்பங்கள் நீர் விளையாட்டைத் தவிர்த்துவிட்டு மற்ற ஊஞ்சல், இராட்டின வகைகளோடு நிறுத்திக்கொள்ளலாம். பிள்ளைகளின் உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். பெரிய இராட்டினங்களுக்கு உயர வரம்பு உண்டு. ஏற முடியாத சிறுவர்களுக்காகப் பெருஞ்செலவு செய்வதில் பொருளில்லை.

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு வரம்பையும் சொல்லியாக வேண்டும். கையில் உள்ள பணத்தில் முடிந்தால் மட்டுமே வளாக விடுதி. கடன் அட்டையில் எடுத்து வட்டியோடு திருப்பிச் செலுத்தும் விடுமுறை, திரும்பி வந்த பின்னும் பல மாதங்கள் நம் வீட்டில் பாவச்சுமையாக அமர்ந்திருக்கும். உறவினர் சென்றார்கள், படம் அனுப்பினார்கள் என்பதற்காகச் செல்வதும் வீண்விரயமே. விரயம் செய்யாமலும் கஞ்சத்தனம் காட்டாமலும் இரண்டுக்கும் நடுவே நிற்பதை அல் ஃபுர்கான் அத்தியாயம் நல்லடியார்களின் பண்பாக எடுத்துரைக்கிறது. முதியவரைப் பலகையில் அமர்த்தி மிச்சம் பிடிப்பது ஒரு கோடி. வட்டிக்கு வாங்கி ஆடம்பரம் செய்வது மறுகோடி. பணம் போதாவிட்டால் அருகிலுள்ள இடத்தைத் தேர்ந்தெடுங்கள். திருப்போரூர் அருகே இள்ளலூரில் 2025 டிசம்பரில் திறக்கப்பட்ட வொண்டர்லா பூங்காவுக்குத் திண்டிவனம், செங்கல்பட்டு வழியாக ஒரே நாளில் சென்று வரலாம். அதுவும் இயலாதெனில், நம் கோட்டையடியில் ஒரு மாலைப் பொழுதும் குடும்பத்துக்குப் போதுமான மகிழ்ச்சிதான்.

மக்களுக்குத் தொழுகை நடத்துபவர், பின்னால் பலவீனரும் முதியவரும் தேவையுடையோரும் நிற்பதை எண்ணிச் சுருக்கமாகத் தொழுவிக்க வேண்டும் என்று அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். வணக்கத்திலேயே இப்படியெனில், விடுமுறையில் சொல்லவும் வேண்டுமா? குடும்பத்தை அழைத்துச் செல்பவரும் ஒரு வகையில் இமாமே. தளர்ந்தவரின் நடைக்கு ஏற்பத் தம் திட்டத்தை அமைப்பது அவர் கடமை.

சென்ற கோடையில் மீண்டும் புறப்பட்டோம். நன்னியை இசைய வைப்பதற்கே இரண்டு வாரம் ஆயிற்று. இம்முறை வளாகத்திலேயே ஓர் இரவு. ளுஹர் தொழுதுவிட்டு அவர் உறங்கினார். அஸருக்குப் பின் தாமாகவே செருப்பை மாட்டிக்கொண்டு, “பேரன் எதுல ஏறுறான், எனக்குக் காட்டுங்க” என்றார். குதிரை இராட்டினத்தின் அருகே நின்று அவனுக்குக் கையசைத்தார். அறைக்கு நாங்கள் கொடுத்த கூடுதல் வாடகையைப் பற்றி அதன்பின் எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை.

வல்ல அல்லாஹ் நம் பயணங்களைப் பாதுகாப்பானவையாகவும், பெற்றோரின் மனம் குளிர்பவையாகவும் ஆக்கி அருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.