அரைப்பேர்

"அரைப்பேர்னா என்ன? மிச்சப் பாதிப் பேர் எங்கே?"

திரைக்கதை வகுப்பில் என் காட்சியை வாசித்துவிட்டு ஆசிரியர் இப்படிக் கேட்டதும் எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அவர் நக்கலுக்குக் கேட்கவில்லை, உண்மையிலேயே விளங்கவில்லை. வத்தேகமயில் சனிக்கிழமை இருட்டோடு கிளம்பி, கண்டிக்கு பஸ், அங்கிருந்து கோட்டைக்கு ரயில் என்று போய்ப் படித்த வகுப்பு அது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தோட்டத்தில் ஒரு நாளைக்கு இத்தனை கிலோ கொழுந்து என்று கணக்கு உண்டு. அது நிறையாவிட்டால் செக்ரோலில் முழு நாள் விழாது, அரை நாள்தான். என் காட்சியில் மகளுக்கு ஸ்கூல் டூர் போகக் காசு வேணும். தராசடியிலிருந்து வரும் அம்மா "இன்னைக்கு அரைப்பேருதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போகிறார். எனக்கு அந்த ரெண்டு வார்த்தைதான் முழுக் காட்சியுமே.

இரண்டு திருத்தம் வந்தது. ஒன்று, "கொழுந்து குறைவு, பாதிச் சம்பளம்தான் தருவாங்க" என்று அம்மாவே விளக்கணும். இன்னொன்று, பேச்சு இந்தியப் படம் மாதிரி இருக்கு, இலங்கைப் படம்தானே, யாழ்ப்பாணத் தமிழில் எழுதுங்க.

முதலாவதில் பாதி நியாயம் இருந்தது என்று இப்போது ஒத்துக்கொள்கிறேன். வெளியாள் ஒருவர் அந்த வார்த்தையை எட்டிப்பிடிக்க நான் எதுவுமே செய்திருக்கவில்லை. ஆனால் அதுக்கு மருந்து வசனமா? தராசு முள்ளையும், கணக்கப்பிள்ளையின் பேனாவையும், அம்மாவின் முகத்தையும் முதலில் காட்டினால் போதும். தன் மகளுக்கே சம்பளக் கணக்கு விளக்கும் அம்மா எந்த லயத்திலும் இல்லை. காட்சியைக் காட்டச் சொல்லித்தரும் இடத்திலேயே "வசனத்தில் விளக்கு" என்று சொன்னதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இரண்டாவதை ஒத்துக்கொள்ள முடியாது. யாழ்ப்பாணத் தமிழுக்கு நான் எதிரியில்லை. 'பொன்மணி'யை எடுத்த தர்மசேன பத்திராஜ சிங்களவர். யாழ்ப்பாணக் கதைக்குத் திரைக்கதை எழுத அவர் காவலூர் ராஜதுரையிடம் போனார். ஊர்ப்பேச்சை அந்த ஊர் ஆளிடம் விட வேணும் என்பது அப்பவே தெரிஞ்சிருக்கு. அதே மரியாதைதான் மலையகத்துக்கும் கேட்கிறேன். எங்களுக்கும் சினிமா புதுசு இல்லை. 'தோட்டக்காரி' 1963இல் வந்தது. வி.பி. கணேசனின் 'புதிய காற்று' 1975இல். எங்கள் ரயில் பாதையின் கடைசி ஸ்டேஷன் மாத்தளை. அந்த ஊர்க்காரர் மாத்தளை கார்த்திகேசு 1980இல் 'அவள் ஒரு ஜீவநதி'யைத் தந்தார். இதில் ஒரு படத்தின் பெயர்கூட வகுப்பில் யாரும் சொல்லவில்லை. வாசிக்கத் தந்த திரைக்கதைகளில் தமிழ் ஒன்றுமே இல்லை. அப்புறம் எங்கள் பேச்சு 'இந்தியா மாதிரி' கேட்காமல் வேறென்ன செய்யும்?

சின்ன விஷயத்திலும் இதே கதைதான். கூரியர் எழுத்தில், 12 அளவில், ஒரு பக்கம் ஒரு நிமிஷம் என்று கற்பித்தார்கள். கூரியரில் தமிழ் எழுத்தே கிடையாது! என் பக்கங்களைப் போனில் நேரம் வைத்து சத்தமா வாசித்துத்தான் நீளம் பிடித்தேன். நல்லதுதான், பொய்யான வசனமெல்லாம் அப்போதே நாக்கில் மாட்டிக்கொண்டது.

அந்த வகுப்பே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஒரு காட்சிக்குள் எவ்வளவு பிந்தி நுழையலாம் என்பதை அங்கேதான் படித்தேன், காசு வீண் இல்லை. கேட்பது ஒன்றுதான்: மாணவர் எழுதும் பேச்சு ஆசிரியருக்குத் தெரியாவிட்டால், திருத்துவதற்கு முன் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள்.

நான் அதை வீட்டில் செய்தேன். வேலை விட்டு வந்த அம்மாவிடம் புதுப் பிரதியை வாசித்தேன். வசனத்துக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. "தராசுல நிறுத்ததும் தண்ணிக்குன்னு ரெண்டு கிலோ கழிப்பானே, அத எங்க காணோம்?" என்றார்.

அதையும் எழுதிச் சேர்த்தேன்.