'அறை வெப்பநிலை' ஆருடைய அறை?

"குசினி அடுப்பிலயே பியர் காய்ச்சலாம், லேசு" எண்டு வீடியோ போடுற தோழர்களே, நீங்கள் சொல்லுற 'அறை வெப்பநிலை' ஆருடைய அறை?

ஏல் வகை ஈஸ்ட்டுக்கு 18 முதல் 22 பாகை வரை வேணும். யாழ்ப்பாணத்துக் குசினி பகலில 30ஐத் தாண்டும். அந்தச் சூட்டில நொதிச்சால் பியர் தின்னர் மாதிரி மணக்கும். 20 லீட்டரை ஒரு மணித்தியாலம் கொதிக்கவைக்க வீட்டுக் காஸ் அடுப்பு திணறும். கெதியா ஆறவைக்கவும் ஏலாது, பைப் தண்ணியே வெதுவெதுப்பு. நொதிப்பு முடிய முந்தி அடைச்சால் போத்தல் வெடிக்கும். அனுமதிப்பத்திரம் இல்லாமல் காய்ச்சுறது இலங்கையில குற்றம் எண்டதையும் நீங்கள் சொல்லுறேல்லை.

இந்தச் செய்முறை குளிர்நாட்டுக்கு எழுதினது. எங்கட வெக்கையில, அடுப்பே இல்லாமல், சில மணித்தியாலத்தில பனஞ்சாறு கள்ளாகுது. முட்டியில சுண்ணாம்பு பூசினால் அது கருப்பணி. நொதிப்பை நிப்பாட்டவும் விடவும் தெரிஞ்ச அந்த அறிவைச் சாதி சொல்லித் தள்ளிவைச்ச சமூகம், பியர் காய்ச்சினால் மட்டும் 'கலை' எண்டு கைதட்டுது.

நொதிப்புப் பற்றி அடுத்த வீடியோ போட முந்தி ஒரு சீவல் தொழிலாளியிட்டப் போய்க் கேளுங்கோ. படிச்சதை அவரிட்டத்தான் படிச்சனான் எண்டும் சொல்லுங்கோ.