கைவேலையும் அறிவுவேலையே

"படிப்பு ஏறவில்லையென்றால் ஏதாவது கைத்தொழிலைக் கற்றுக்கொள்" என்னும் அறிவுரையை நம்மில் பலர் வீட்டிலோ உறவினர் கூட்டத்திலோ கேட்டிருப்போம். அது அன்போடு சொல்லப்படும் அறிவுரைதான். ஆயினும், அதனுள் ஒரு தவறான எண்ணம் ஒளிந்திருக்கிறது. அறிவு என்பது ஏட்டில் மட்டுமே உள்ளது; கையால் செய்யும் வேலைக்கு அறிவு அவ்வளவாகத் தேவையில்லை என்பதே அந்த எண்ணம். இதனை நம்பும் மாணவர் ஒருவர், தமக்குக் கைத்திறன் மிகுதியாக இருந்தும் தம்மை இரண்டாம் தரமானவராகக் கருதத் தொடங்கிவிடுகிறார். மரவேலையையோ தையலையோ சமையலையோ விரும்பிக் கற்கும் பிள்ளையைப் பற்றிப் பெற்றோரும் வெளியே சொல்லத் தயங்குகின்றனர். இந்த எண்ணம் மாற வேண்டும் என்பதே என் கருத்து. அதற்குச் சான்றாக ஓர் எளிய பொருளை எடுத்துக்கொள்கிறேன். அது, தையலே இல்லாமல் கையால் பின்னப்படும் கம்பளிச் சட்டை.

ஆண்டு முழுவதும் வெயில் அடிக்கும் நம் நாட்டில் கம்பளிச் சட்டை அன்றாட உடை அன்று. கேமரன் மலைக்குச் செல்லும்போது அல்லது குளிர்நாட்டுக்குப் பயணம் போகும்போதுதான் அதனைத் தேடி எடுக்கிறோம். அதனால், அது எவ்வாறு உருவாகிறது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. நெய்த துணியில் குறுக்கும் நெடுக்குமாகப் பல நூல்கள் ஓடும். பின்னலில் அப்படியில்லை. ஒரே நூல் வளைந்து ஒரு கண்ணியாகிறது. அக்கண்ணிக்குள் நுழைந்து அடுத்த கண்ணியாகிறது. இவ்வாறு ஆயிரக்கணக்கான கண்ணிகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால் ஆடை உருவாகிறது. கண்ணிகள் விரிந்து சுருங்கக் கூடியவை. ஆகையால், பின்னல் ஆடை உடலோடு ஒட்டி வளைந்து கொடுக்கிறது.

கம்பளிச் சட்டையைக் கையால் பின்ன இரண்டு வழிகள் உள்ளன. முன்பக்கம், பின்பக்கம், இரண்டு கைகள் ஆகிய நான்கையும் தட்டையான துண்டுகளாகத் தனித்தனியே பின்னி, இறுதியில் ஊசியால் தைத்து இணைப்பது ஒரு வழி. மற்றொன்று வட்டப் பின்னல். இதில் உடற்பகுதி ஒரு பெரிய குழாயாகவும் கைகள் இரண்டு சிறிய குழாய்களாகவும் பின்னப்படுகின்றன. மூன்று குழாய்களும் அக்குள் அருகே ஒன்றாகச் சேர்ந்து, கழுத்தை நோக்கிக் குறுகிச் செல்கின்றன. அக்குளின் கீழ் எஞ்சி நிற்கும் சில கண்ணிகளை மட்டும், கண்ணியின் வளைவைப் பின்பற்றி நூல் கோத்து இணைப்பார்கள். அந்த இணைப்பு பின்னலைப் போலவே தோன்றும். தையல் தடம் தெரியாது.

வட்டப் பின்னலுக்கு, இரு முனைகளும் கூராக உள்ள நான்கு அல்லது ஐந்து ஊசிகளைப் பயன்படுத்துவார்கள். அல்லது, இரண்டு ஊசிகளை வளையும் வடத்தால் இணைத்த வட்ட ஊசியைப் பயன்படுத்துவார்கள். பின்னுபவர் திரும்பாமல் சுற்றிச் சுற்றிப் பின்னிக்கொண்டே போகிறார். உண்மையில் அவர் பின்னுவது தனித்தனி வட்டங்கள் அல்ல. சுருள்கம்பியைப் போல மேலேறும் ஒரே சுருள். ஆடையின் முன்பக்கம் எப்போதும் அவர் கண்முன்னே இருப்பதால், வடிவத்தில் பிழை நேர்ந்தால் உடனே தெரிந்துவிடும். பாதி வேலையிலேயே சட்டையை அணிந்து பார்க்கலாம். நீளம் போதவில்லையென்றால் இன்னும் சில சுற்றுகள் பின்னலாம். மிகுந்துவிட்டால் பிரித்து அதே நூலை மீண்டும் பயன்படுத்தலாம்.

இம்முறையை வளர்த்தவர்கள் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர்கள் அல்லர். பிரிட்டனின் கடலோர ஊர்களில் மீனவர்களுக்காகப் பின்னப்பட்ட சட்டைகளைப் பாருங்கள். காற்றும் நீர்த்துளியும் எளிதில் புகாதவாறு அவை மிக நெருக்கமாகப் பின்னப்பட்டன. வலையை இழுக்கும்போது கைகளை உயர்த்த வேண்டுமே! அதற்காக அக்குளில் சாய்சதுர வடிவில் ஒரு சிறு பகுதியைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். சட்டைக் கையைத் தோளிலிருந்து தொடங்கி மணிக்கட்டு வரை கீழ்நோக்கிப் பின்னினார்கள். ஏன் தெரியுமா? மணிக்கட்டுப் பகுதியே முதலில் தேயும். அதுவே கடைசியாகப் பின்னப்பட்டதாக இருந்தால், அந்தப் பகுதியை மட்டும் பிரித்துப் புதிய நூலால் பின்னிவிடலாம். பொருள் எங்கே பழுதடையும் என்பதை முன்கூட்டியே அறிந்து, பழுது பார்க்கும் வழியையும் அதனுள்ளே வைப்பதைத்தான் இன்று நல்ல வடிவமைப்பு என்கிறோம்.

ஸ்காட்லாந்தின் வடக்கே, ஷெட்லாந்துத் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த ஃபேர் தீவு வண்ணப் பின்னலுக்குப் பெயர் பெற்றது. அங்குப் பின்னப்படும் ஆடைகளில் பல வண்ணங்கள் தெரிந்தாலும், ஒரு சுற்றில் பெரும்பாலும் இரண்டு வண்ண நூல்களே கையாளப்படும். முன்புறம் திறக்கும் சட்டை வேண்டுமென்றாலும், அப்பெண்கள் உடற்பகுதியைக் குழாயாகவே பின்னி முடிப்பார்கள். பிறகு, கத்தரிக்கோலால் நடுவே வெட்டிவிடுவார்கள்! பின்னலை வெட்டினால் பிரிந்துவிடாதா என்று நாம் அஞ்சுவோம். ஆனால், ஷெட்லாந்து ஆட்டின் கம்பளி இழைகள் ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும் தன்மையுடையவை. வெட்டுவதற்கென்றே சில கண்ணிகளைக் கூடுதலாகவும் அவர்கள் பின்னி வைத்திருப்பார்கள். இழையின் இயல்பை நன்கு அறிந்ததால்தான் அவர்கள் துணிந்து வெட்டினார்கள்.

இந்தக் கைப்பழக்கத்தைத் தெளிவான கணக்காக்கித் தந்தவர் எலிசபெத் சிம்மர்மன். இவர் 1910ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தவர். பின்னர் அமெரிக்காவில் குடியேறினார். விஸ்கான்சின் மாநிலத்தில் பழைய பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்றையே வீடாக்கிக்கொண்டு வாழ்ந்தார். அக்காலப் பின்னல் இதழ்கள் தட்டைத் துண்டுகளுக்கான குறிப்புகளையே பெரிதும் வெளியிட்டன. 'இத்தனை கண்ணி போடு, இத்தனை வரிசை பின்னு' என்று வரிக்கு வரி கட்டளையிடுபவை அக்குறிப்புகள். சிம்மர்மன் வேறு வழியில் சென்றார். 1971இல் வெளிவந்த தம் நூலுக்குக் கண்ணீரின்றிப் பின்னுதல் என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். கட்டளைகளுக்குப் பதிலாகக் காரணங்களை விளக்கினார்.

அவருடைய முறை விழுக்காட்டை அடிப்படையாகக் கொண்டது. நாம் தொடக்கப்பள்ளியில் படித்த அதே விழுக்காடுதான். சட்டையின் மார்புச் சுற்றளவு 40 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். முதலில் ஒரு சிறிய மாதிரித் துண்டைப் பின்னி, ஓர் அங்குலத்தில் எத்தனை கண்ணிகள் உள்ளன என்று எண்ண வேண்டும். 5 கண்ணிகள் இருந்தால், உடற்பகுதிக்கு 40 × 5 = 200 கண்ணிகள் தேவை. இதுவே நூறு விழுக்காடு. மற்ற அளவுகள் எல்லாம் இதிலிருந்தே பிறக்கின்றன. மணிக்கட்டுக்கு 20 விழுக்காடு, அதாவது 40 கண்ணிகள். மேற்கைக்கு 35 விழுக்காடு, அதாவது 70. அக்குளில் ஒதுக்கி வைப்பதற்கு 8 விழுக்காடு, அதாவது 16. கழுத்துக்கு 40 விழுக்காடு, அதாவது 80.

மூன்று குழாய்களையும் சேர்க்கும்போது கணக்கு இன்னும் சுவையாகிறது. உடலின் இரு பக்கங்களிலும் பதினாறு பதினாறாக ஒதுக்கினால் 168 கண்ணிகள் எஞ்சும். ஒவ்வொரு கையிலும் 16 ஒதுக்கினால் 54 எஞ்சும். எல்லாம் சேர்ந்து ஊசியில் 276 கண்ணிகள் நிற்கும். இவை கழுத்தில் ஏறத்தாழ 80 ஆகக் குறைய வேண்டும். அக்குளிலிருந்து கழுத்து வரையிலான உயரம் மார்புச் சுற்றளவில் கால் பங்கு, அதாவது 10 அங்குலம். தோள் அகலமாக இருப்பதால் முதல் 5 அங்குலம் எதையும் குறைப்பதில்லை. அதன்பின், ஒரு சுற்றில் நான்கு கண்ணிகளை மூன்றாக்கினால் 207 ஆகும். ஏழரை அங்குலத்தில் மூன்றை இரண்டாக்கினால் 138 ஆகும். இறுதியில் ஐந்தை மூன்றாக்கினால் சுமார் 83 ஆகும். இன்னும் ஓரிரு கண்ணிகளைக் குறைத்தால் கழுத்து சரியாக அமைந்துவிடும்.

மாதிரித் துண்டை அளப்பதில் கவனம் தவறினால் என்ன ஆகும்? ஓர் அங்குலத்திற்கு 5 கண்ணிகள் என்று எண்ணியது உண்மையில் நான்கரையாக இருந்தால், அதே 200 கண்ணிகள் 44 அங்குலத்தைத் தாண்டிவிடும். அரைக் கண்ணிப் பிழையால் சட்டை நான்கு அங்குலம் பெரிதாகிவிடுகிறது. சிறிய அளவீட்டுப் பிழை பெரிய பிழையாக வளரும் என்பதை அறிவியல் கூடத்தில் படிக்கிறோம். பின்னுபவர் அதனைத் தம் கையிலேயே உணர்கிறார்.

இங்குதான் என் கருத்தின் மையம் உள்ளது. வரிக்கு வரி கட்டளையைப் பின்பற்றுபவர், அந்த நூலும் அந்த அளவும் கிடைத்தால் மட்டுமே ஒரு சட்டையைப் பின்னி முடிப்பார். காரணத்தை அறிந்தவரோ எந்த நூலைக் கொண்டும் யாருக்கு வேண்டுமானாலும் பின்னுவார். தாத்தாவின் தோள் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அதற்கேற்பக் கணக்கை மாற்றிக்கொள்வார். மனப்பாடம் செய்து தேர்வெழுதும் மாணவருக்கும், புரிந்துகொண்டு எழுதும் மாணவருக்கும் உள்ள வேறுபாடும் இதுவே. அப்படியானால், இவ்வாறு பின்னுபவரின் வேலையை அறிவுவேலை என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

இதனை மறுப்போரும் உண்டு. "இதையெல்லாம் இயந்திரமே செய்துவிடுகிறதே, கை எதற்கு?" என்று அவர்கள் கேட்கலாம். ஜப்பானின் ஷிமா செய்க்கி நிறுவனம், முழுச் சட்டையையும் தையலின்றிப் பின்னும் இயந்திரத்தை 1995இல் அறிமுகப்படுத்தியது உண்மைதான். ஆனால், அந்நிறுவனம் தொடக்கத்தில் கையுறை பின்னும் இயந்திரங்களைச் செய்துவந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. மூன்று விரல்கள் மட்டும் உள்ள ஒரு கையுறையைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். நடுவிரல் உடலாகவும் மற்ற இரண்டும் சட்டைக் கைகளாகவும் தோன்றும். குழாய்கள் எப்படிச் சேர்கின்றன என்று சிந்திக்கத் தெரிந்தவர்களே அந்த இயந்திரத்தை உருவாக்க முடிந்தது. கையால் செய்து பார்த்த அறிவு இயந்திரத்துக்கு எதிரி அன்று, அதற்கு முன்னோடி.

"தையல் உள்ள சட்டைதானே உறுதியானது?" என்றும் சிலர் கேட்பர். இதில் நியாயம் உண்டு. தோளிலும் பக்கங்களிலும் உள்ள தையல், கனமான ஆடை தொய்ந்துவிடாமல் தாங்குகிறது. வட்டப் பின்னலில் முழுச் சட்டையும் மடியில் கனப்பதால் பயணத்தின்போது பின்னுவதும் கடினம். ஆகவே, எல்லாச் சட்டைகளையும் வட்டமாகவே பின்ன வேண்டும் என்று நான் வாதிடவில்லை. எந்த ஆடைக்கு எந்த முறை பொருந்தும் என்று ஆராய்ந்து முடிவெடுப்பதற்கும் அறிவு வேண்டும் என்றே சொல்கிறேன்.

கைவேலையை அறிவாக மதிக்காத சமுதாயம், அதற்கு உரிய கூலியையும் கொடுப்பதில்லை. ஷெட்லாந்தின் வரலாறே இதற்குச் சான்று. அங்குப் பின்னல் வேலை செய்த பெண்கள் பலருக்கு வணிகர்கள் பணம் தரவில்லை. தேயிலை, துணி போன்ற கடைச் சரக்குகளையே கூலியாகக் கொடுத்தனர். பிரிட்டன் அரசு இதனை விசாரிக்க ஓர் ஆணையத்தை அமைத்தது. 1872இல் வெளிவந்த அதன் அறிக்கையில் அப்பெண்களின் சாட்சியங்கள் பதிவாகியுள்ளன. இத்தனை கணக்கும் கலையும் கைவசம் இருந்தும், உழைப்புக்குரிய காசைக் கண்ணால் காண முடியாத நிலையில் அவர்கள் இருந்தனர். இன்றும் கடைத்தெருவில் கைவினைப் பொருளைக் கண்டால் "இதற்கா இவ்வளவு விலை?" என்று பேரம் பேசுகிறோம். அதனுள் இருக்கும் நேரத்தையும் சிந்தனையையும் கணக்கில் சேர்க்க நாம் மறந்துவிடுகிறோம்.

எனவே, மாணவர்களே, கைத்தொழிலைப் படிப்புக்கு மாற்றாகக் கருதாதீர்கள். அதுவும் ஒரு படிப்பே. கையால் ஒன்றைச் செய்யும்போது, 'ஏன் இப்படிச் செய்கிறோம்?' என்ற கேள்வியையும் கேளுங்கள். வடிவமைப்புப் பாடத்திலோ வாழ்வியல் திறன் பாடத்திலோ சிறந்து விளங்கும் நண்பரைக் கேலி செய்யாமல், அவர் எப்படிக் கணக்கிடுகிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெற்றோரும், கணிதத்தில் பெற்ற புள்ளிகளைப் பாராட்டுவதைப் போலவே, பிள்ளை தன் கையால் செய்து முடித்த பொருளையும் பாராட்ட வேண்டும். கைத்தொழிலைக் கற்றுக்கொள் என்னும் அறிவுரையை இனியும் சொல்லலாம். ஆனால், "படிப்பு ஏறவில்லையென்றால்" என்னும் தொடரை அதிலிருந்து நீக்கிவிட்டுச் சொல்வோம்.