நோயில்லாத மூளையை யார் பார்த்தது?

மதுரையில் 22 ஆண்டுகள் எம்.ஆர்.ஐ. டெக்னீஷியனாக இருந்தவன் நான். அதிகம் சொன்ன வாக்கியம், "அந்த ஊக்கைக் கழட்டுங்கம்மா" என்பதாகத்தான் இருக்கும். தாலிக்கொடியில் ஊக்கு மாட்டாமல் வந்த அம்மாக்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அரைஞாண், மெட்டி, காதுமெஷின், பல்செட் எல்லாம் தட்டில் சேர்ந்ததும், கையில் ரப்பர் பந்தைக் கொடுத்து, "பயமா இருந்தா அமுக்குங்க, தலைய மட்டும் அசைக்காதீங்க" என்று சொல்லி உள்ளே அனுப்புவேன்.

இத்தனை வருடத்தில், "எனக்கு ஒண்ணுமில்ல, சும்மா வந்தேன்" என்று ஒருவரும் வந்ததில்லை. வலிப்பு, வாதம், விபத்து, ஓயாத தலைவலி இப்படித்தான் வந்தார்கள். நல்ல மூளை என்று நாங்கள் நினைத்ததெல்லாம், நோயைத் தேடிப்போய் அது கிடைக்காத மூளைதான்.

இது ஏன் உறுத்துகிறது என்றால், என் பெரியப்பா மகனால். வயது 68, பலசரக்குக் கடைக் கணக்கை இன்றும் மனதிலேயே கூட்டுகிறவர். தலைசுற்றலுக்காக ஸ்கேன் எடுத்தார்கள். ரிப்போர்ட்டில், 'ஏஜ் ரிலேட்டட் செரிப்ரல் அட்ரோஃபி' என்று ஒரு வரி. ராத்திரி போன் செய்தார்: "தம்பி, எனக்கு மூளை சுருங்கிருச்சாம்டா." மறுநாளே மகன் அவரிடமிருந்து ஏ.டி.எம். கார்டை வாங்கி வைத்துக்கொண்டான். தலைசுற்றலுக்குக் காரணம் காதில் இருந்தது என்பது ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. கார்டு இன்னும் திரும்பி வரவில்லை.

அறுபதைத் தாண்டினால் நல்ல மூளையே ஆண்டுக்கு அரை சதவீதம் போலச் சுருங்கும். எல்லா இடமும் ஒரே மாதிரி இல்லை. நெற்றிப் பக்கமும், நினைவைப் பதிக்கும் ஹிப்போகேம்பஸும் கூடுதலாக இழக்கும். பார்வைக்கான பின்பகுதி அவ்வளவாக மாறாது. அண்ணனின் படத்தில் இருந்தது அவர் வயது, அவ்வளவுதான்.

சரி, 'வயதுக்கு ஏற்றது' என்பதை எந்த முழக்கோல் வைத்து அளக்கிறோம்? 2022-ல் 'நேச்சர்' இதழில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் 1,23,984 ஸ்கேன்களைச் சேர்த்து, கருவிலிருந்து நூறு வயது வரை வளர்ச்சிக் கோடு போட்டார்கள். மூளையின் சாம்பல்நிறப் பொருளின் அளவு ஆறு வயதை ஒட்டி உச்சம் தொடுகிறது, வெண்ணிறப் பொருளின் அளவு 29 வயதை ஒட்டி. அருமையான வேலை. ஆனால் அதில் பெரும்பாலான தலைகள் ஐரோப்பாவையும் வட அமெரிக்காவையும் சேர்ந்தவை. ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி. குழு 2019-ல் நூறு இந்தியர்களின் ஸ்கேனை வைத்து ஒரு மாதிரி மூளை வரைபடம் தயாரித்தபோது, நம் மூளை சராசரியாக மேற்கத்தியர்களுடையதைவிடச் சற்றுச் சிறியது என்று தெரிந்தது. அந்த நூறு பேரும் முப்பதைத் தாண்டாதவர்கள். என் அண்ணனுக்கு அது உதவாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. இன்றைய முப்பது வயதுக்காரரையும் எழுபது வயதுக்காரரையும் பக்கத்தில் வைத்து, வித்தியாசமெல்லாம் வயதால் வந்தது என்று சொல்லிவிட முடியாது. அந்த எழுபது வயதுக்காரர் சின்ன வயதில் சாப்பிட்ட சாப்பாடு வேறு, படித்த படிப்பு வேறு. போதாததற்கு, வயதானவர்கள் மெஷினுக்குள் அதிகம் அசைவார்கள். இருமல் வரும், கழுத்து வலிக்கும். லேசான அசைவிலேயே படம் மங்கி, மூளையின் மேலடுக்கு உள்ளதைவிட மெலிந்து தெரியும். "ஐயா, இன்னும் நாலு நிமிஷம்" என்று மைக்கில் நான் கெஞ்சியது இதற்காகத்தான்.

ஆகவே ஒரே ஆளை, அவர் நலமாக இருக்கும்போதே, சில வருடங்களுக்கு ஒருமுறை படமெடுக்க வேண்டும். தங்கவயல் இருக்கும் அதே கோலார் மாவட்டத்தில், சீனிவாசபுரா என்ற ஊரைச் சுற்றியுள்ள கிராமங்களில் இது நடக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழக வளாகத்தில் இருக்கும் மூளை ஆராய்ச்சி மையம், 45 வயதைத் தாண்டிய பத்தாயிரம் பேரைத் தொடர்ந்து கவனிப்பதை இலக்காக வைத்திருக்கிறது. ரத்தம், ஞாபகச் சோதனை, எம்.ஆர்.ஐ. எல்லாம் உண்டு. சேர்கிறவர்கள் விவசாயக் குடும்பத்துச் சாதாரண மக்கள்.

இப்படி ஒன்று தமிழ்நாட்டுக்கும் வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரிகளில் பகலெல்லாம் நோயாளிகள் வரிசை நிற்கும், தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலை நான்கு மணி நேரத்தை நலமாக இருப்பவர்களுக்கு ஒதுக்கலாம். டெக்னீஷியனுக்குக் கூடுதல் சம்பளம் கொடுத்தாக வேண்டும். இதை அந்த வேலை பார்த்தவனாகச் சொல்கிறேன்.

இதைப் படித்துவிட்டு யாரும் காசு கட்டி 'பிரெய்ன் செக்கப்' எடுக்க ஓட வேண்டாம். ஒரு தடவை எடுத்த படம் உங்கள் மூளை எந்த வேகத்தில் மாறுகிறது என்று சொல்லாது. தேவையில்லாத ஒரு புள்ளியைக் காட்டித் தூக்கத்தைக் கெடுக்கலாம். ரிப்போர்ட் எழுதும் டாக்டர்களிடம் ஒன்று கேட்கிறேன். 'அட்ரோஃபி' என்று எழுதினால், இந்த வயதில் இது வழக்கம்தானா, இல்லையா என்பதை அடுத்த வரியில் தமிழில் எழுதிவிடுங்கள். வீட்டில் அந்தத் தாளைப் படிக்கப்போவது மகன்தான்.